பணத்தில் ஒளியும் நஃப்ஸ்

அல்லாஹ்வின் திருப்பெயரால்...

 

வட்டி ஹராம் என்பதை அறியாதவர் நம் சமுதாயத்தில் எவரும் இலர். ஜகாத் இரண்டரை விழுக்காடு என்பதை மக்தபுக்கு வரும் பத்து வயதுச் சிறுவனும் சொல்லிவிடுகிறான். மஹர் பெண்ணின் உரிமை, வாரிசுச் சொத்தில் மகளுக்குப் பங்குண்டு, வீண்விரயம் கூடாது என்பனவெல்லாம் ஜும்ஆ மிம்பர்களிலிருந்து நாம் கேட்டுக் கேட்டுப் பழகிய செய்திகள். அப்படியிருந்தும் நம் வீடுகளில் கைக்கூலி வாங்கப்படுகிறது. சகோதரியின் பங்கு சகோதரர்களின் பெயரில் பதிவாகிறது. கடன்பட்டாவது வலீமா விருந்து ஊர் மெச்ச நடக்கிறது. அலமாரியில் இருக்கும் நகைக்குப் பல ஆண்டுகளாக ஜகாத் நினைவுக்கு வருவதேயில்லை.

அறிவுக்குக் குறைவில்லாத இடத்தில் அமலுக்கு மட்டும் இத்தனை பஞ்சம் ஏன்? நம் கை பணத்தைத் தொடுவதற்கு முன்பே நம் உள்ளத்திலுள்ள அச்சமும் வெட்கமும் பெருமையும் பொறாமையும் அந்தப் பணத்திற்கு வழி வகுத்துவிடுகின்றன. பிறகு அந்த வழிக்கு நாம் ஒரு நல்ல பெயரைச் சூட்டுகிறோம். பேராசைக்கு ‘ஹலால் லாபம்’ என்று பெயர். கைக்கூலிக்கு ‘அன்பளிப்பு’ என்று பெயர். மகளின் பங்கைத் தடுப்பதற்குக் ‘குடும்ப ஒற்றுமை’ என்று பெயர். இந்தப் பெயர்மாற்றமே இன்று நம்மிடையே பரவியுள்ள பெரும் நோய் என்று நாம் துணிந்து சொல்கிறோம்.

கணக்கு மட்டும் போதுமா?

“பணம் என்பது கணக்கு. ஹலாலா, ஹராமா என்று மட்டும் சொல்லுங்கள் ஹஜ்ரத், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று கூறுவோர் உண்டு. இது நேர்மையான கூற்றைப் போலத் தோன்றும். ஆனால் திருக்குர்ஆன் பணத்தைப் பற்றிப் பேசும் இடங்களைத் தொகுத்துப் பார்த்தால், அது கணக்கோடு நிற்பதில்லை என்பது விளங்கும்.

ஷைத்தான் மனிதனை மிரட்டுவது வறுமையைக் காட்டித்தான் என்று அல்பகரா அத்தியாயத்தின் 268ஆம் வசனம் எச்சரிக்கிறது. இங்கே பேசப்படுவது அச்சம் என்னும் உணர்ச்சி. அல்ஹஷ்ர் அத்தியாயத்தின் 9ஆம் வசனம் வெற்றியை, உள்ளத்தில் ஊறிக்கிடக்கும் கஞ்சத்தனத்திலிருந்து காக்கப்படுவதோடு இணைத்துக் கூறுகிறது. அங்கே பேசப்படுவது கையின் கஞ்சத்தனத்திற்கு வேராக இருக்கும் உள்ளத்தின் குணம். அத்தகாஸுர் அத்தியாயம், ஒருவரையொருவர் மிஞ்சும் ஆசை மனிதனைக் கப்ருவரை இழுத்துச் செல்வதைக் காட்டுகிறது.

அல்கலம் அத்தியாயத்தின் 17ஆம் வசனம் முதல் வரும் தோட்டக்காரர்களின் வரலாற்றைச் சற்று நின்று சிந்திக்க வேண்டும். தோட்டம் அவர்களுக்குச் சொந்தம். விளைச்சல் அவர்களுடையது. அதில் வட்டியில்லை, திருட்டில்லை, மோசடியில்லை. கணக்கு மட்டும் பார்ப்பவருக்கு அதில் ஒரு குறையும் தென்படாது. ஆனால் இன்றைக்கு ஓர் ஏழையும் உள்ளே வந்துவிடக் கூடாது என்று தமக்குள் கிசுகிசுத்தபடியே அவர்கள் அதிகாலையில் அறுவடைக்குப் புறப்பட்டார்கள். போய்ப் பார்த்தபோது தோட்டம் அழிந்து கிடந்தது. அவர்களை வீழ்த்தியது அந்தக் கிசுகிசுப்புத்தான். நம் குடும்பங்களிலும் பணம் பற்றிய கிசுகிசுப்புகள் உண்டு. அவற்றைத்தான் இங்கே வெளிச்சத்தில் வைக்க விரும்புகிறோம்.

‘ஹலால்’ என்ற திரைக்குப் பின்னால்

பெங்களூரில் 2006ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஐ.எம்.ஏ. என்ற ஐ மானிட்டரி அட்வைசரி நிறுவனத்தை நம் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். வட்டியில்லாத, ஷரீஅத்துக்கு உட்பட்ட முதலீடு என்ற விளம்பரத்தோடு அது முஸ்லிம் குடும்பங்களிடம் பணம் திரட்டியது. மாதந்தோறும் ‘லாபம்’ என்ற பெயரில் தொகை வந்துகொண்டிருந்தது. 2019 ஜூனில் அதன் கதவுகள் மூடப்பட்டன. நிறுவனர் முஹம்மத் மன்சூர் கான் துபாய்க்குச் சென்றார்; ஜூலையில் தில்லியில் கைது செய்யப்பட்டார். புகார் கொடுத்தவர்களின் எண்ணிக்கை 40,000ஐத் தாண்டியது. திரட்டப்பட்ட தொகை சுமார் 4,000 கோடி ரூபாய் என்று கூறப்பட்டது. மகளின் திருமணத்திற்கு வைத்திருந்த பணம், ஓய்வூதியப் பணம், ஹஜ்ஜுக்குச் சேமித்த பணம் என்று எத்தனையோ வீடுகளின் வியர்வை அதில் கரைந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு, 2018 அக்டோபரில், ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஹீரா கோல்ட் நிறுவனத்தின் தலைவியும் முதலீட்டாளர்களின் புகாரின் பேரில் கைது செய்யப்பட்டிருந்தார். அங்கேயும் வட்டியில்லா வருமானம் என்பதே முழக்கம். ஆண்டுக்கு 36 விழுக்காடு வரை லாபம் என்பது வாக்குறுதி. ஹைதராபாத்தில் ஒரு வீடு எரிவதைப் பார்த்த பின்னும் பெங்களூரில் வரிசை கலையவில்லை. அதுதான் நாம் சிந்திக்க வேண்டிய இடம்.

மோசடி செய்தவர்களை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். நாம் நம்மைப் பார்ப்போம். முளாரபா என்னும் கூட்டு வணிகத்தின் சட்டம் நம் மதரஸாக்களில் கற்பிக்கப்படுகிறது. முதல் போட்டவருக்கும் உழைப்பவருக்கும் லாபம் விகிதப்படி பிரிக்கப்படும். உழைப்பவரின் தவறின்றி நட்டம் ஏற்பட்டால் அது முதல் போட்டவரைச் சாரும். முதலுக்குச் சேதமில்லை, மாதந்தோறும் லாபம் உறுதி என்று ஒருவர் சொன்ன மறுகணமே அது முளாரபா அல்ல என்று சொல்லிவிடலாம். வங்கி வைப்புநிதிக்கு ஆண்டுக்கு 7 விழுக்காட்டை ஒட்டிக் கிடைத்துக்கொண்டிருந்த காலத்தில் 36 விழுக்காடு எந்த வணிகத்திலிருந்து வருகிறது என்று கேட்பதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. பெட்டிக்கடை நடத்துபவர்கூடத் தன் கடைச் சரக்கைப் பற்றி அந்தக் கேள்வியைக் கேட்பார்.

ஆனால் கேட்கப்படவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். பதில் வந்தால் ஆசையை விட வேண்டியிருக்கும். வட்டி வாங்கும் அண்டை வீட்டாரைப் பார்த்து நமக்குள் ஒரு ஏக்கம் இருந்தது. உழைக்காமல் மாதந்தோறும் பணம் வர வேண்டும், ஆனால் பாவம் எழுதப்படக் கூடாது என்ற அந்த ஏக்கத்திற்கு ‘ஹலால்’ என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அந்தச் சொல்லை விற்றவர்கள் நம் உள்ளத்தை நம்மைவிட நன்றாக அறிந்திருந்தார்கள்.

இதில் ஆலிம் வர்க்கமும் பதில் சொல்ல வேண்டும். தாடியும் தொப்பியும் கண்டால் கணக்குக் கேட்கக் கூடாது என்ற மனநிலையை வளர்ப்பது மார்க்கப் பணி ஆகாது. கடனை எழுதி வையுங்கள், சாட்சி வையுங்கள் என்று அல்பகரா 282ஆம் வசனம் கட்டளையிட்டது ஈமான் கொண்டவர்களை நோக்கித்தான். நம்பிக்கையாளர்களுக்கு இடையிலேயே ஏடும் சாட்சியும் தேவை என்று அல்லாஹ் சொல்லியிருக்க, “நம்ம பாய்தானே” என்று கையொப்பமில்லாமல் கொடுப்பதை ஈமான் என்று எப்படிச் சொல்வது?

‘அன்பளிப்பு’ என்ற பெயரில்

இனித் திருமணத்திற்கு வருவோம். வரதட்சணையை நாட்டின் சட்டம் 1961ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது. ஷரீஅத்தோ கொடுக்கும் பொறுப்பை ஆணின் மீது சுமத்தியது. பெண்களுக்கு அவர்களின் மஹரை மனமகிழ்ச்சியோடு கொடுத்துவிடும்படி அன்னிஸா அத்தியாயத்தின் 4ஆம் வசனம் ஏவுகிறது. மணமகனிடம் ஒன்றுமே இல்லாதபோது ஓர் இரும்பு மோதிரமாவது தேடிப் பார்க்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதும், அதுவும் கிடைக்காதபோது அவருக்குத் தெரிந்த குர்ஆன் வசனங்களைக் கொண்டே மணமுடித்து வைத்ததும் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளன.

இவையனைத்தும் தெரிந்த வீட்டில் பெண் பார்க்கும் பேச்சு எப்படி நடக்கிறது? “நாங்கள் எதையும் கேட்கவில்லை, நீங்கள் உங்கள் பிள்ளைக்குச் செய்வதைச் செய்யுங்கள்” என்கிறார்கள். இந்த ஒரு வாக்கியத்தில் எத்தனை அச்சங்கள் ஒளிந்திருக்கின்றன என்று பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும். கேட்டிருந்தாலாவது தொகை தெரிந்திருக்கும். கேட்காததால், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு என்ன போட்டார்களோ அதுவே அளவுகோலாகிவிடுகிறது. ஒரு பவுன் மஹர் எழுதப்படும் தஃப்தரில், பெண்ணின் கழுத்தில் ஏற்றப்பட்ட 50 பவுன் எழுதப்படுவதில்லை. எழுதப்படாததால் அது கைக்கூலி ஆவதில்லையாம்; அன்பளிப்பாம்.

அன்பளிப்பா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. கொடுக்காவிட்டால் அந்தப் பெண் புகுந்த வீட்டில் தலைநிமிர்ந்து நடக்க முடியுமா? முடியும் என்றால் அது அன்பளிப்பு. முடியாது என்றால் அது அச்சத்தின் பேரில் பறிக்கப்பட்டது. மனமுவந்து தரப்படாத பொருள் ஒரு முஸ்லிமுக்கு ஆகாது என்பது நபிமொழி காட்டும் நெறி.

வாங்குபவரின் உள்ளத்தில் பேராசை மட்டும் இருப்பதாக எண்ணிவிட வேண்டாம். தன் தங்கைக்குக் கொடுத்த சீரை மனைவி வீட்டில் ஈடுகட்டும் அண்ணனின் கணக்கு அங்கே இருக்கிறது. தன் மாமியார் வீட்டில் தான் பட்ட அவமானத்தை மருமகளிடம் தீர்த்துக்கொள்ளும் தாயின் காயம் இருக்கிறது. குறைவாக வாங்கினால் “பையனிடம் ஏதோ குறை” என்று ஊர் பேசுமே என்ற வெட்கம் இருக்கிறது. இவற்றை ஆராயாமல் ‘கைக்கூலி ஒழிக’ என்று முழக்கமிட்டால், அது பெயரை மாற்றிக்கொண்டு பின்வாசல் வழியே வரும். பணமாக வாங்குவது நின்ற வீடுகளில் அது வாகனமாகவும் வீட்டுச் சாமானாகவும் விருந்துச் செலவாகவும் வருவதை நாம் கண்ணாரக் காண்கிறோம்.

‘குடும்ப ஒற்றுமை’ என்ற பெயரில்

திருமணத்தில் வெளிப்படும் அநீதி வாப்பா மவுத்தான பிறகு இரண்டாம் முறை அரங்கேறுகிறது. பெற்றோரும் உறவினரும் விட்டுச் சென்றவற்றில், அது குறைவாயினும் அதிகமாயினும், ஆண்களுக்கு உள்ளதுபோல் பெண்களுக்கும் பங்கு உண்டு என்பது அன்னிஸா 7ஆம் வசனத்தின் சட்டம். மகனுக்கு உள்ளதில் பாதி மகளுக்கு என்று 11ஆம் வசனம் அளந்து கொடுத்தது. அவ்வரம்புகளை மீறுவோருக்குரிய எச்சரிக்கை 14ஆம் வசனத்தில் உள்ளது. நாட்டின் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது. சென்னை மாகாணம் 1949இல் செய்த திருத்தத்தால் அந்த விலக்கும் நம் பகுதியில் நீங்கியது.

ஆனால் என்ன நடக்கிறது? “உனக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாயிற்றே” என்று சொல்லப்படுகிறது. அன்றைக்கு ‘அன்பளிப்பு’ என்று பெயர் பெற்ற அதே நகை, இன்றைக்குப் பங்கின் முன்பணமாக மாறிவிடுகிறது! பெயர் மாற்றுவதில் நமக்கு நிகர் யார்? சார்பதிவாளர் அலுவலகத்தில் சகோதரி விடுதலைப் பத்திரத்தில் கையொப்பமிடுகிறாள். மனமுவந்து விட்டுக்கொடுத்தாள் என்று சகோதரர்கள் ஊரெல்லாம் பெருமை பேசுகிறார்கள்.

அவள் ஏன் கையொப்பமிட்டாள்? நாளைக்குக் கணவன் வீட்டில் ஒரு துன்பம் நேர்ந்தால் வந்து நிற்க ஒரு வாசல் வேண்டுமே என்ற அச்சம். பங்கு கேட்ட பெண் என்று பிறந்த ஊரில் பேசப்படுவோமே என்ற வெட்கம். தம்பியின் முகம் வாடுமே என்ற பாசம். இந்த மூன்றையும் அறிந்துகொண்டே பேனாவை அவள் கையில் கொடுப்பவர்கள், அதற்குக் குடும்ப ஒற்றுமை என்று பெயரிடுகிறார்கள். தஹஜ்ஜுத் தொழும் வீடுகளிலும் இது நடக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் நாம் உண்மையை மறைத்தவர்கள் ஆவோம்.

விட்டுக்கொடுக்கும் உரிமை அவளுக்கு உண்டா? உண்டு. ஆனால் முதலில் அவளது பங்கு இவ்வளவு என்று அளந்து, மதிப்பிட்டு, அவள் கைக்குக் கொடுக்க வேண்டும். கைக்கு வந்த பின் அவள் அள்ளிக் கொடுத்தால் அது நன்கொடை. கைக்கு வராததை எப்படி ஒருவர் கொடுக்க முடியும்?

காரூனின் வாக்கியம்

அல்கஸஸ் அத்தியாயத்தில் வரும் காரூனின் பெருஞ்செல்வம் நமக்குத் தெரியும். அவனை அழித்த வாக்கியத்தை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. தன்னிடமுள்ள அறிவினால்தான் இது தனக்குக் கிடைத்தது என்றான் அவன். அந்த எண்ணத்தோடு தன் அலங்காரத்தில் அவன் வெளியே வந்தபோது, உலக வாழ்வை விரும்பியவர்கள் ஏக்கத்தோடு பார்த்தார்கள். காட்டுவதற்கு ஒருவன், ஏங்குவதற்கு ஒரு கூட்டம். பூமி அவனையும் அவன் வீட்டையும் விழுங்கியது.

நாம் வாழும் இந்தச் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூரைச் சுற்றிக் கீழச்சிவல்பட்டி, கண்டவராயன்பட்டி போன்ற ஊர்களில் நகரத்தார் பெருமக்கள் எழுப்பிய மாளிகைகள் நிற்கின்றன. பர்மாத் தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் கொண்டு கட்டிய அவ்வீடுகளில் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. அவர்களின் வரலாறு நமக்கு அண்டை வீட்டாரின் வரலாறு. மரியாதையோடு படிக்க வேண்டிய பாடம். கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில், 1930இல் சாகுபடி நிலத்தில் சுமார் 6 விழுக்காடே செட்டியார்களின் கையில் இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல்விலை சரிந்து, கடன்பட்ட விவசாயிகள் திருப்பிச் செலுத்த இயலாமற் போனபோது, 1938க்குள் அது 25 விழுக்காடாயிற்று. நிலம் சேர்ப்பது அவர்களின் நோக்கமாக இருக்கவில்லை. கொடுத்த கடனுக்கு ஈடாக அது வந்து சேர்ந்தது. நான்கே ஆண்டுகளில் ஜப்பானியப் படையெடுப்பு வந்தது. போருக்குப் பின் சுதந்திர பர்மா நிலங்களை நாட்டுடைமை ஆக்கியது. வந்ததும் போனதும் தனிமனிதத் திறமையின் கணக்குக்கு அடங்கவில்லை.

இதைக் கண்முன் வைத்துக்கொண்டே நம் சகோதரர்கள் வளைகுடாவின் வெயிலில் முப்பது ஆண்டு உழைத்த பணத்தை, ஆள் ஏறாத மேல்மாடியாகக் கட்டுகிறார்கள். வீடு கட்டுவது குற்றமா? இல்லை. ஆனால் அந்த மேல்மாடி யாருக்காக? பெரும்பாலும், சிறுவயதில் தம்மை ஏளனமாகப் பார்த்த ஒரு சுற்றத்தாருக்காக. வறுமையில் பட்ட அவமானம் நெஞ்சில் ஆறாத புண்ணாக இருந்து, செங்கல்லும் பளிங்குமாகப் பதில் பேசுகிறது. அந்தப் புண்ணை நாம் எள்ளவில்லை. அதற்கு மருந்து சிமெண்டில் இல்லை என்று மட்டும் சொல்கிறோம். உண்மையான செல்வம் பொருட்களின் பெருக்கத்தில் இல்லை, உள்ளத்தின் நிறைவில் உள்ளது என்ற கருத்தில் அமைந்த நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்றிருப்பது அதனால்தான்.

ஜகாத்திலும் நஃப்ஸ்

கொடுப்பதிலாவது நாம் தூய்மையானவர்களா? ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றும் நம் வீடுகளில், பெண்கள் அணியும் நகைக்கும் ஜகாத் உண்டு. தங்கத்தின் நிஸாப் 87.48 கிராம், ஏறத்தாழ 11 பவுன். 40 பவுன் நகை உள்ள வீட்டில் ஆண்டுக்கு ஒரு பவுனின் மதிப்பு ஏழையின் உரிமை. ஷாஃபி மத்ஹபில், அணிவதற்குரிய அளவான நகைக்கு விலக்கு உண்டு என்பது அறிஞர்களின் கூற்று. அதை மதிக்கிறோம். ஆனால் தொழுகையிலும் தலாக்கிலும் ஹனஃபியாக இருந்துவிட்டு, நகைப்பெட்டி திறக்கும் நாளில் மட்டும் ஷாஃபியாக மாறும் இஜ்திஹாதை எந்த இமாம் கற்றுக் கொடுத்தார்?

சிலர் கணக்கில்லாமல் கொடுக்கிறார்கள். ரமளான் இருபத்தேழில் வாசலில் வரிசை நிற்க, நோட்டும் சேலையும் வழங்குகிறார்கள். வரிசையின் நீளத்தில் கொடுப்பவரின் உள்ளம் குளிர்கிறது. 2008 செப்டம்பரில், ரமளான் மாதத்தில், இந்தோனேசியாவின் பசுருவான் நகரில் ஒரு செல்வந்தர் வீட்டு வாசலில் ஜகாத் வாங்கத் திரண்ட நெரிசலில் சிக்கி 21 பெண்கள் உயிரிழந்தார்கள். ஒவ்வொருவரும் எதிர்பார்த்து வந்தது சுமார் மூன்று டாலர் மதிப்புள்ள தொகை. கொடுத்தவர்களின் நிய்யத்தை அல்லாஹ் அறிவான்; அதைத் தீர்ப்பளிக்க நாம் யார்? ஆனால் ஏழையை வாசலுக்கு வரவழைக்கும் முறையில் கொடுப்பவரின் பெருமைக்கு இடமுண்டு; ஏழையின் வீடு தேடிச் சென்று கொடுக்கும் முறையில் அதற்கு இடம் குறைவு. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதபடி கொடுப்பவர் அர்ஷின் நிழலில் இருப்பார் என்ற நற்செய்தி நமக்குத்தான் சொல்லப்பட்டது.

இங்கேயும் அண்டை வீட்டாரிடம் ஒரு பாடம் உண்டு. நகரத்தார் தம் வணிகப் பேரேட்டில் ‘மகமை’ என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். கோயிலுக்கும் அறத்திற்கும் உரிய பங்கு அந்தக் கணக்கில் வரவு வைக்கப்படும். மனம் இளகும் நாளுக்காக அறம் காத்திருக்கவில்லை. ஏட்டில் அது ஒரு பற்றாளியாகவே நின்றது. நம் மார்க்கமோ அதனினும் உறுதியாக, ஜகாத்தை ஏழையின் ‘ஹக்கு’ என்றது. ஆனால் நம் கடைகளில் எத்தனை பேரேடுகளில் ஜகாத்துக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது?

ஏழையாக இருக்கச் சொல்கிறோமா?

“அப்படியானால் சம்பாதிக்க வேண்டாமா, பிள்ளைக்கு நகை போட வேண்டாமா, மௌலவிகள் எப்போதும் துறவறம்தான் பேசுவார்கள்” என்று சிலர் முகம் சுளிப்பார்கள். இல்லை, சகோதரர்களே! கையைக் கழுத்தோடு கட்டிக்கொள்ளாதே, முழுவதுமாக விரித்தும் விடாதே என்ற கருத்தில் அல்இஸ்ரா 29ஆம் வசனம் நடுவழியைக் காட்டுகிறது.

அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வெறுங்கையோடு மதீனா வந்தபோது, அன்ஸாரித் தோழர் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவர்களோ ஸஅதுக்காக துஆ செய்துவிட்டுக் கடைவீதிக்கு வழி கேட்டார்கள். வெண்ணெயும் பாலாடைக் கட்டியும் விற்று முன்னேறினார்கள். பேரீச்சங்கொட்டை எடைத் தங்கத்தை மஹராகக் கொடுத்துத் திருமணம் செய்தார்கள். ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். பின்னாளில் மதீனாவின் பெருஞ்செல்வர்களுள் ஒருவராக ஆனார்கள். கொடுக்க முன்வந்தவரிடம் அச்சமில்லை, மறுத்தவரிடம் கர்வமில்லை, மணமுடித்தவரிடம் வெட்கமில்லை. இந்த உள்ளத்தோடு வரும் செல்வத்தை எவரும் வெறுக்கச் சொல்லவில்லை.

செய்ய வேண்டியவை

உணர்ச்சிகளை அடக்கு என்று சொல்வதால் மட்டும் உணர்ச்சி அடங்காது. அதற்கு ஒளிய இடமில்லாதபடி வீட்டையும் மஹல்லாவையும் ஒழுங்குபடுத்த வேண்டும்.

ஒவ்வொரு வீட்டிலும் ஜகாத்துக்கென்று ஒரு ஹிஜ்ரி தேதி குறிக்கப்படட்டும். அந்நாளில் நகை எடை பார்க்கப்பட்டு, கையிருப்பும் வர வேண்டிய கடனும் எழுதப்படட்டும். மனைவியும் பிள்ளைகளும் அருகிலிருக்கட்டும். பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசும் வீட்டில் கிசுகிசுப்புக்கு வேலையில்லை.

ஜமாஅத் நிர்வாகங்கள் தஃப்தரில் மஹரோடு நிறுத்தாமல், பெண் வீட்டார் கொடுத்தவை அனைத்தையும் பெண்ணின் சொத்தாக எழுதி இருதரப்பிலும் கையொப்பம் பெறட்டும். அன்பளிப்பு என்று சொல்பவர் எழுதத் தயங்க மாட்டார். தயங்கினால் பெயர் வெளிப்பட்டுவிடும்.

மவுத் நடந்த வீட்டில் கத்தம், பாத்திஹா, சாப்பாடு ஆகியவை குறித்துத் தர்க்கம் செய்யும் நாம், மய்யித்தின் கடன், வஸிய்யத், வாரிசுகளின் பங்கு ஆகியவற்றை உடனடியாக எழுதித் தருமாறு ஆலிம்களைக் கேட்போம். சகோதரியின் பங்கு மதிப்பிடப்படும் வரை எந்தப் பத்திரத்திலும் அவள் கையொப்பமிட வேண்டாம்.

முதலீடு கேட்டு வருபவர் யாராயினும் மூன்று கேள்விகள்: என்ன வணிகம்? நட்டம் வந்தால் யாருக்கு? தணிக்கை செய்த கணக்கு எங்கே? இவற்றுக்கு ஆயத்து ஓதிப் பதில் சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நகையை அடகு வைத்து வட்டி கட்டும் தாய்மாருக்காக, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் பைத்துல்மால்கள் வட்டியில்லா நகைக்கடன் வழங்குவதைப்போல், நம் மஹல்லாக்களிலும் ஏற்பாடு வேண்டும். கல்யாண மண்டபத்து விளக்கு அலங்காரத்திற்கு ஆகும் செலவில் ஒரு தெருவின் அடகு நகைகளை மீட்க முடியும்.

இவையனைத்துக்கும் முன்பாக, ஒவ்வொருவரும் தனிமையில் இரண்டு கேள்விகளைத் தம் உள்ளத்திடம் கேட்கட்டும். எவரும் பார்க்கமாட்டார்கள் என்றால் இந்தச் செலவை நான் செய்வேனா? எல்லோரும் பார்க்கப்போகிறார்கள் என்றால் இந்த வரவை நான் வாங்குவேனா? முதல் கேள்வியில் பெருமையும் வெட்கமும் பிடிபடும். இரண்டாவதில் பேராசை பிடிபடும். மறுமையில், பொருளை எவ்வழியில் ஈட்டினாய், எவ்வழியில் செலவிட்டாய் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் அடியானின் பாதங்கள் நகரமாட்டா என்று திர்மிதியில் வரும் நபிமொழி அறிவிக்கிறது. அங்கே நாம் சூட்டிய பெயர்கள் எவையும் உடன்வராது. அன்பளிப்பு கைக்கூலியாகவே எழுந்து நிற்கும். விட்டுக்கொடுத்த பங்கு பறித்த பங்காகவே எழுந்து நிற்கும்.

வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களை வறுமையின் அச்சத்திலிருந்தும், செல்வத்தின் செருக்கிலிருந்தும், ஊருக்குக் காட்டும் நோயிலிருந்தும் காப்பானாக! நம் சகோதரிகளின் உரிமையை அவர்களின் கைகளில் ஒப்படைக்கும் துணிவை நமக்குத் தருவானாக! ஹலாலான ரிஸ்கிலும் நிறைவான உள்ளத்திலும் நமக்கும் நம் சந்ததியினருக்கும் பரக்கத் செய்வானாக! ஆமீன், ஆமீன், யாரப்பல் ஆலமீன்.